பஞ்சாலையும் சட்டமும்: கொங்குநாட்டில் தொழிலாளர் நலச் சட்டங்களின் வரலாறு

கோயம்புத்தூரின் முதல் பஞ்சாலை 1888இல் தொடங்கியது. கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்ஸ் என்பது அதன் பெயர். ராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவியதால் ஊராருக்கு அது ஸ்டேன்ஸ் மில். அங்கு வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கூலியைத் தவிர வேறெதுவும் உரிமையாக இல்லை. காய்ச்சலில் படுத்தால் கூலி போகும், கை இயந்திரத்தில் சிக்கினால் வேலையும் போகும். இன்று அதே வட்டாரத்தில் நிரந்தர மில் தொழிலாளியின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் நடக்கிறது. தீபாவளிக்குப் போனசும் வேலையை விட்டு நிற்கும்போது பணிக்கொடையும் அவருக்குச் சட்டப்படி சேர வேண்டியவை.

இந்த மாற்றத்துக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஒவ்வொரு சட்டமும் ஒரு சலுகையைத் தந்தது. கூடவே அதற்கு ஓர் எல்லையையும் வகுத்தது. எத்தனை பேர் வேலை செய்யும் இடம், எத்தனை நாள் வேலை செய்தவர், எவ்வளவு சம்பளம் வாங்குபவர், தொழிலாளியா பயிற்சியாளரா என்பவை அந்த எல்லைகள். கொங்குநாட்டில் தொழிலாளர் நலச் சட்டங்களின் அரசியல் பெரும்பாலும் இந்த எல்லைகளைச் சுற்றியே நடந்தது.

தொடக்க காலம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் கோவையில் காளீஸ்வரா, லட்சுமி போன்ற சில ஆலைகளே இருந்தன. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் சமவெளிக்கு வந்ததும் நிலைமை மாறியது. கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்போடியா பருத்தியும், வேளாண்மையிலும் வணிகத்திலும் சேர்ந்திருந்த உள்ளூர் முதலும் ஆலைகளை நோக்கித் திரும்பின. பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று நகரைச் சுற்றி மில்கள் எழுந்தன. ஆலை முதலாளிகள் 1933இல் தென்னிந்திய மில் அதிபர்கள் சங்கமான சைமாவை அமைத்தனர். சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளரை மேஸ்திரிகள் வேலைக்குச் சேர்த்தனர். ஒருவர் வராத நாளில் அவர் இடத்தில் பதிலி நிற்பார். பதிலியாகவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு.

சட்டம் அப்போது முற்றிலும் இல்லாமல் இல்லை. வேலையில் நேரும் விபத்துக்கு இழப்பீடு தரும் சட்டம் 1923இலும், தொழிற்சங்கச் சட்டம் 1926இலும் வந்தன. பம்பாய் மாகாணம் 1929இல் பேறுகாலச் சலுகைச் சட்டம் கொண்டுவந்தது. சென்னை மாகாணம் 1934இல் தன் சட்டத்தை இயற்றியது. கோவை ஆலைகளில் நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் பெண்கள் கணிசமாக இருந்ததால் இந்தச் சட்டம் இங்கு நேரடியாகப் பொருந்தியது.

அதன் அமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. பேறுகாலப் பணம் முழுவதையும் அந்தந்த முதலாளியே கொடுக்க வேண்டும் என்றது சட்டம். அதனால் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தாலே கூடுதல் செலவு என்ற கணக்கு முதலாளிகளிடம் உருவானது. பெண்களுக்கு இரவு வேலை கூடாதென்ற ஆலைச் சட்டத் தடையும், பிற்காலத்தில் வந்த இயந்திர மாற்றங்களும் இதனுடன் சேர்ந்துகொண்டன. அடுத்த தலைமுறையில் பஞ்சாலைகளில் பெண்களின் பங்கு சரிந்தது. ஒரு சலுகையின் செலவை யார் தலையில் வைப்பது என்ற கேள்வி சலுகையின் அளவைப் போலவே முக்கியமானது என்பதை இந்த அனுபவம் காட்டியது.

1937 முதல் 1947 வரை

1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. தொழிற்சங்கத் தலைவராக அறியப்பட்ட வி.வி. கிரி தொழிலாளர் துறை அமைச்சரானார். ஆட்சி மாறினால் நிலைமை மாறும் என்ற நம்பிக்கை கோவை ஆலைகளில் வேலைநிறுத்தங்களாக வெளிப்பட்டது. என்.ஜி. ராமசாமி அன்றைய சங்கத் தலைவர்களில் முதன்மையானவர். 1943இல் இளம் வயதிலேயே அவர் மறைந்தார். கோவை ஆலைகளின் கொந்தளிப்பை ஆராய அரசு ஒரு விசாரணை மன்றத்தை நியமித்தது. கூலியும் வேலை நிலைமையும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தனி விவகாரம் என்ற எண்ணம் இந்த விசாரணையோடு தளர்ந்தது.

போர்க்காலம் மில்களுக்குப் பெரும் லாபத்தையும் தொழிலாளருக்குக் கடும் விலைவாசியையும் கொண்டுவந்தது. சங்கங்கள் வலுப்பெற்றன, மோதல்களும் கடுமையாயின. ரங்கவிலாஸ் மில்லைச் சுற்றி எழுந்த மோதலில் நடந்த ஒரு கொலைக்காக ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று அவர்கள் இன்றும் நினைவுகூரப்படுகிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

இந்தப் பின்னணியில்தான் 1947இல் சென்னை மாகாணப் பஞ்சாலைகளுக்கான வெங்கடராமையா தீர்ப்பு வந்தது. அது அடிப்படைக் கூலியை ஒழுங்குபடுத்தியது. பஞ்சப்படியை வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணோடு இணைத்தது. அதுவரை முதலாளி விரும்பினால் கூட்டிக் குறைக்கக்கூடிய தொகையாக இருந்த பஞ்சப்படி, விலை ஏறினால் தானாக ஏற வேண்டிய உரிமையாயிற்று. பின்னால் வந்த பி.எஃப்., போனஸ், பணிக்கொடை ஆகிய மூன்றுமே அடிப்படைக் கூலியையும் பஞ்சப்படியையும் சேர்த்தே கணக்கிடப்பட்டன. இந்தத் தீர்ப்பு அவற்றுக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது.

ஈ.எஸ்.ஐ.யும் வைப்பு நிதியும்

ஆலைத் தொழிலாளருக்கு நோய்க்காப்பு வேண்டும் என்று 1944இல் பி.பி. அதார்க்கர் தந்த அறிக்கையை அடியொற்றி, தொழிலாளர் அரசு காப்பீட்டுச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம் 1948 ஏப்ரலில் நிறைவேறியது. அப்போது தொழிலாளர் அமைச்சர் ஜகஜீவன் ராம். நிதியமைச்சர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் தொகை ஒரு பொது நிதியில் சேரும்; நோய், விபத்து, பேறுகாலம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே பணமும் மருத்துவமும் கிடைக்கும். பேறுகாலச் செலவு தனி முதலாளியின் தலையிலிருந்து இறங்கிப் பொது நிதிக்கு மாறியதால், 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறை இங்கே திருத்தப்பட்டது. ஆனால் மில்களில் பெண்கள் குறைந்துகொண்டிருந்த போக்கை நிறுத்த அது போதவில்லை.

நாட்டில் இத்திட்டம் 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் முதலில் நடைமுறைக்கு வந்த இடம் கோவை. நாள் 1955 ஜனவரி 23. ஓரிடத்தில் அடர்ந்திருந்த மில்களும் வலுவான சங்கங்களும் கோவையைப் பொருத்தமான களமாக்கியிருந்தன. பின்னர் சிங்காநல்லூரில் எழுந்த ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை மில் குடும்பங்களின் வாழ்க்கையில் நிலையான இடம் பெற்றது. இப்போது அது அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து இயங்குகிறது.

சட்டத்தின் எல்லைகள் இங்கும் வேலை செய்தன. மின்விசையில் இயங்கி 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கே சட்டம் பொருந்தியது. மாதம் 400 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவரே காப்பீடு பெறலாம். பருவகால ஆலைகளுக்கு விலக்கு உண்டு. எவை பருவகால ஆலைகள் என்று சட்டம் தந்த பட்டியலில் பருத்தி அரைத்தல், பஞ்சு பொதி அழுத்துதல், நிலக்கடலை உடைத்தல், தேயிலை, காப்பி, சர்க்கரை தயாரித்தல் ஆகியவை இருந்தன. திருப்பூர் ஜின்னிங் ஆலைகளும், பொள்ளாச்சிப் பக்கத்துக் கடலை மில்களும், ஆனைமலைத் தேயிலை ஆலைகளும் இந்த ஒரு வரியால் வெளியே நின்றன. நூற்கும் மில்லில் வேலை செய்தவருக்கு மருத்துவம் உரிமையானது; அந்த மில்லுக்குப் பஞ்சு அரைத்துக் கொடுத்தவருக்கு ஆகவில்லை.

வைப்பு நிதிச் (பி.எஃப்.) சட்டம் 1952இல் வந்தது. முதலில் ஆறு தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது; அவற்றுள் பஞ்சாலையும் ஒன்று. தொழிலாளி கூலியிலும் பஞ்சப்படியிலும் 6¼ சதவீதம் செலுத்துவார்; முதலாளியும் அதே அளவு செலுத்த வேண்டும். 50 பேர் என்றிருந்த வரம்பு 1960இல் 20 ஆகக் குறைந்தது. புதிய நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் விலக்கும் இருந்தது. பழைய கம்பெனியை ஏட்டில் மூடிப் புதுப்பெயரில் திறந்தால் இந்த விலக்கு மறுபடி கிடைக்கும். சிறு ஆலைகளில் இவ்வழி பழக்கமானது. 1997இல்தான் அந்த விலக்கு நீக்கப்பட்டது.

மலைத்தோட்டங்கள்

வால்பாறையைச் சுற்றிய ஆனைமலைத் தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தனி ஏற்பாடு செய்தது. வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், குடிநீர் எல்லாவற்றையும் தோட்ட நிர்வாகமே தர வேண்டும். கங்காணிகளின் பிடியில் மலையேறி வந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் சலுகைகள் பொருளாகவே வந்ததால், வேலை போனால் வீடும் போகும். ஓய்வு பெற்றவர் லயத்து வீட்டைக் காலி செய்து கீழே இறங்க வேண்டும். சமவெளி மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை எந்த ஆலைக்கு மாறினாலும் உதவியது. தோட்டத் தொழிலாளியின் சலுகை அந்தத் தோட்டத்து எல்லைக்குள்ளேயே முடிந்தது.

போனஸ் அரசியல்

கோவை வட்டாரத்தில் வேறெந்தச் சலுகையையும்விட அதிகப் பேச்சும் போராட்டமும் கண்டது போனஸ். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நகரத்துக் கடைவீதி வணிகமே மில்களின் போனஸ் சதவீதத்தை எதிர்பார்த்து நிற்கும். முதலாளிகள் அதை மனமுவந்து தரும் வெகுமதி என்றனர். சங்கங்கள் அது லாபத்தில் தொழிலாளிக்குள்ள பங்கு என்றும், கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி என்றும் வாதிட்டன. 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பம்பாய் ஆலைகள் வழக்கில் ஒரு சூத்திரம் வகுத்தது. தேய்மானம், முதலுக்கு வட்டி, இயந்திரப் புதுப்பிப்பு ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதிலிருந்தே போனஸ் என்பது அது. பழைய இயந்திரங்கள் நிறைந்த ஆலைகளில் புதுப்பிப்புச் செலவைக் கழித்தால் பல ஆண்டுகள் எதுவும் மிஞ்சாது.

1961இல் எம்.ஆர். மெஹர் தலைமையில் அமைந்த போனஸ் குழுவின் பரிந்துரைகளைப் பெரும்பாலும் ஏற்று 1965இல் போனஸ் சட்டம் வந்தது. லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்தது 4 சதவீதம், அதிகம் 20 சதவீதம் என்றது சட்டம். 1970களின் தொடக்கத்தில் குறைந்த அளவு 8.33 சதவீதமானது. ஆண்டு வருவாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி என்பது இதன் கணக்கு.

இந்தக் காலத்தில் கோவை நாடாளுமன்றத் தொகுதி தொழிலாளர் அரசியலின் களமாகவே இருந்தது. 1957இல் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கத் தலைவர் பார்வதி கிருஷ்ணன் வென்றார். 1962இல் தொழிலதிபரும் காங்கிரஸ்காரருமான பி.ஆர். ராமகிருஷ்ணன் வந்தார். 1967இல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ரமணியும், 1971இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதமும் வென்றனர். பாலதண்டாயுதம் விமான விபத்தில் இறந்தபின் 1974 இடைத்தேர்தலிலும், தொடர்ந்து 1977இலும் பார்வதி கிருஷ்ணன் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 செப்டம்பரில் வந்த அவசரச் சட்டம் குறைந்தபட்ச போனசை 4 சதவீதமாகக் குறைத்தது. ஒதுக்கத்தக்க உபரி இல்லாவிட்டால் அதுவும் இல்லை என்றானது. வேலைநிறுத்தத்துக்கு வழியில்லாத நேரத்தில் அந்த வெட்டு விழுந்தது. 1977இல் ஜனதா அரசு 8.33 சதவீதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. சட்டமாக எழுதப்பட்ட உரிமையையும் ஒரே ஆணையால் குறைத்துவிட முடியும் என்பதைத் தொழிலாளர் அப்போது கண்டனர்.

ஆலைகளின் சரிவும் சிதறலும்

1974இல் நாடு முழுவதும் 103 நலிவுற்ற பஞ்சாலைகள் நாட்டுடைமையாயின. கோவையின் காளீஸ்வரா, பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ், முருகன் போன்ற மில்கள் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வந்தன. வேலைக்கும் சலுகைக்கும் அரசே பொறுப்பேற்றதுபோல் தோன்றிய காலம் அது. 1972இன் பணிக்கொடைச் சட்டமும் அப்போது புதிது. 10 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்தாண்டு பணி முடித்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி வீதம் பணிக்கொடை உரிமையானது. 1981இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பதிலிகளுக்கும் தினக்கூலிகளுக்கும் இச்சட்டம் ஒரு பிடிப்பைக் கொடுத்தது.

அதே ஆண்டுகளில் தொழில் பெரிய ஆலைகளை விட்டுச் சிதறத் தொடங்கியது. நெசவு பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைகளுக்குப் போனது. நூற்பு, நகருக்கு வெளியே சங்கம் எட்டாத சிறு மில்களுக்கு நகர்ந்தது. திருப்பூரில் பனியன் தொழில் வளர்ந்தது. பஞ்சாலைத் தொழிலாளர் 1947இலேயே பெற்ற பஞ்சப்படிக்காகத் திருப்பூர் பனியன் தொழிலாளர் 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியது. வேலையும் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று தனித்தனிக் கம்பெனிகளுக்கும் காண்டிராக்டர்களுக்கும் பிரிந்தது. ஆர்டர் கிடைக்கும் காலத்தில் கூட்டமும் இல்லாத காலத்தில் ஓரிருவருமாக இயங்கும் கொட்டகையில், 20 பேர், ஐந்தாண்டு என்ற சட்ட அளவுகள் பிடிபடுவதில்லை. பீஸ் ரேட்டில் தைப்பவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஒரே முதலாளியின் ஏட்டில் அந்த ஆண்டுகள் தொடர்ந்து பதிவாவதில்லை.

2000களில் கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் பரவிய சுமங்கலித் திட்டம் இந்த எல்லை அரசியலின் மிகக் கசப்பான வடிவம். ஏழைக் குடும்பங்களின் இளம் பெண்கள் ஆலை விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை செய்ய வேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை தருவதாக ஒப்பந்தம். ஏட்டில் அவர்கள் பயிற்சியாளர்கள். அந்தப் பெயரால் நிரந்தரப் பணியும் போனசும் பணிக்கொடையும் அவர்களை அண்டவில்லை. ஐந்தாண்டுக்கு முன்பே வேலை முடிந்துவிடும். உடல்நலம் கெட்டு இடையில் வெளியேறியவர் மொத்தத் தொகையையும் இழப்பார். மாதாமாதம் வந்திருக்க வேண்டிய அவர்களின் கூலியே கடைசியில் பரிசுபோல் தரப்பட்டது. பஞ்சாலைப் பயிற்சியாளருக்கும் தமிழ்நாடு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்ததும், தொழிலாளர் அமைப்புகள் பல ஆண்டுகள் நடத்திய இயக்கமும், வெளிநாட்டு வாங்குபவர்களின் அழுத்தமும் இத்திட்டத்தைச் சுருக்கின. 1930களில் சலுகைச் செலவுக்கு அஞ்சி விலக்கப்பட்ட பெண்கள், எழுபது ஆண்டுகளுக்குப் பின் சலுகையே தர வேண்டாத தொழிலாளராக ஆலைக்குள் அழைக்கப்பட்டது கொங்குநாட்டுத் தொழில் வரலாற்றின் பெரும் அநீதி.

நலவாரியங்களும் ஓய்வூதியமும்

முதலாளி யாரென்று சுட்ட முடியாத தொழிலாளருக்காகத் தமிழ்நாடு வேறொரு வழி கண்டது. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும், 1999இல் உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியமும் அமைந்தன. பதிவு செய்தவருக்குக் கல்வி, திருமணம், பேறுகாலம், விபத்து, முதுமை ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. கட்டுமானத்தில் கட்டடச் செலவின் மேல் விதிக்கும் வரி இதற்கு நிதியாகிறது. எல்லை இங்கே விரிந்தது, தொகை சிறியது. எந்த முதலாளியிடமும் கேட்டுப் பெறும் உரிமையாகவும் அது இல்லை.

நிரந்தர மில் தொழிலாளருக்கு 1995 நவம்பரில் பி.எஃப். உடன் இணைந்த ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. விலைவாசியோடு ஓய்வூதியம் உயர்வதில்லை. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பஞ்சப்படியைக் குறியீட்டெண்ணோடு இணைக்கப் போராடி வென்ற தலைமுறையின் வாரிசுகள், எந்தக் குறியீட்டெண்ணோடும் இணையாத ஓய்வூதியத்தோடு முதுமையைக் கழிக்கிறார்கள். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றதோடு, அரசு ஆலை என்ற பாதுகாப்பும் முடிவுக்கு வந்தது.

புதிய தொகுப்புகள்

ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., பேறுகாலம், பணிக்கொடை முதலிய ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020இல் நிறைவேறியது. போனஸ் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புக்குள் சென்றது. இவ்விரண்டும் உட்பட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. மத்தியத் தொழிற்சங்கங்கள் பல இவற்றை எதிர்த்தன. சில எல்லைகள் நகர்ந்திருக்கின்றன. குறித்த காலத்துக்கு நியமிக்கப்படுபவர் ஓராண்டிலேயே பணிக்கொடை பெறலாம். படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியமாகவே கருதப்படும். கூலியைப் படிகளாகப் பிரித்துக் காட்டிப் பி.எஃப்.பைக் குறைக்கும் வழக்கத்தை இது கட்டுப்படுத்தும். தோட்டங்கள் விரும்பினால் ஈ.எஸ்.ஐ.க்குள் வரலாம்.

பழைய எண்கள் பல அப்படியே நிற்கின்றன. ஈ.எஸ்.ஐ.க்கு (தொடக்கத்தில் 20 ஆக இருந்து பின்னர் குறைந்த) 10 பேர், பணிக்கொடைக்கும் 10 பேர், பி.எஃப்.புக்கு 20 பேர் என்பவை புதிய தொகுப்பிலும் மாறவில்லை. பருவகால ஆலைகளுக்கு ஈ.எஸ்.ஐ. விலக்கும் தொடர்கிறது. அமைப்புசாராத் தொழிலாளருக்கான பாதுகாப்பு, அரசுகள் பின்னர் வகுக்கும் திட்டங்களைச் சார்ந்ததாகவே விடப்பட்டிருக்கிறது. பெரிய ஆலை தளர்ந்து சிறு கொட்டகையும் காண்டிராக்டும் பெருகிவிட்ட கொங்குநாட்டில், இந்த எண்களுக்குக் கீழே உழைப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சட்டம் எட்ட வேண்டுமானால், உரிமை நிறுவனத்தின் தலைக்கணக்கைச் சாராமல் உழைப்பவரைச் சார்ந்ததாக வேண்டும். அதற்கான செலவு, ஈ.எஸ்.ஐ.யில் 1948இலேயே காட்டிய வழியில், பொது நிதியில் பகிரப்பட வேண்டும்.